செவெரினாவின் சவுரி

ரியோ செக்கோவிலிருந்து சேஹாவுக்குப் போகும் மினிபஸ்களில் எதில் ஏறினாலும் நெரிசல் ஒன்றுதான், குளிர் ஒன்றுதான். ஆனாலும் ஃபெர்மின் திக்கோனாவின் வண்டிக்காக முன்னால் வந்த மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நிற்கிற ஆட்கள் இருந்தார்கள். வண்டி ஒன்றும் அதிசயமில்லை, அரதப் பழசு. கதவைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க, நிறுத்தங்களின் பெயரைக் கூவி ஆள் ஏற்றுகிற அவன் பெண்டாட்டி செவெரினாவுக்காகத்தான் அந்தக் காத்திருப்பு. "சேஹா, சேஹா, பெரெஸ், சான் பெத்ரோ!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், நாலு தெரு தள்ளிக் காலைச் சூப் குடித்துக்கொண்டிருப்பவன் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வருவான். உள்ளே இடமில்லையே என்று முனகும் ஆளிடம், "இடம் மனசுல இருக்குய்யா, முட்டிய மடக்கு" என்பாள். என் வண்டியில் ஹாரன் கெட்டு ஆறு வருஷம் ஆகிறது, யாராவது கவனித்தீர்களா என்று ஃபெர்மின் பயணிகளிடம் பெருமை அடித்துக்கொள்வான்.

குரலுக்கு அடுத்தபடி அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது சடை. நடுவகிடு எடுத்து இரட்டைச் சடை, இடுப்பைத் தாண்டி இறங்கி, நுனியில் கறுப்புக் குஞ்சலம் ஆடும். லா பாஸுக்கு மேலே மலைமேட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோவில் அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் காசு இருந்தால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். சடை அப்படியில்லை. சவுரி வைத்துப் பின்னியவளை வேஷக்காரி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்துப் பேட்டை ஆட்டக் குழுவில் ஒருத்திக்குத் திருவிழா ஊர்வலத்தின் நடுவிலேயே சடை கழன்று விழுந்து, பின்னால் வந்த வாத்தியக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. 'அறுந்த சடை' என்றால்தான் தெரியும்.

செவெரினா கார்மென் மாதா திருவிழாவில் பதினேழு வருஷமாக மொரெனாதா ஆட்டம் ஆடியவள், அதுவும் முன் வரிசையில். குழுவின் தலைவி கிரெகோரியா கண்டிப்புக்காரி. ஒத்திகை தொடங்கும் நாளில் ஒவ்வொருத்தியின் சடையையும் கையில் சுற்றிப் பிடித்து ஒரு வெட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க விடுவாள். செவெரினாவிடம் வரும்போது மட்டும் இழுக்காமல் தடவிக் கொடுத்துவிட்டு நகர்வாள்.

அந்த முடி நாற்பத்து நாலாவது வயதில் கொட்டத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் தங்கை பசிலியா. அவள் வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தையில் குஞ்சலமும் ரிப்பனும் விற்கிறவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாமல் அக்கா வீட்டு முற்றத்துப் பின்னறையில் இருந்தாள். சந்தைக்குக் கிளம்பும் முன், புல்லால் கட்டிய சீப்பை நனைத்து அக்காவுக்கு வாரிப் பின்னிவிடுவது அவள் வேலை. சீப்போடு கொத்துக் கொத்தாக வந்த முடியை அக்காவுக்குக் காட்டாமல் மடியில் ஒளித்தாள். ஒரு மாதம் ஒளிக்கலாம், இரண்டு மாதம் ஒளிக்கலாம். சடை எலிவால் ஆன பிறகு எதை ஒளிப்பது? செவெரினா சடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நல்லதா ஒரு சவுரி பாரு. நம்ம முடி மாதிரியே இருக்கணும். ஃபெர்மினுக்குக்கூடத் தெரியக்கூடாது" என்றாள்.

சவுரியைப் பசிலியாவே வாங்கி வந்தாள். வாங்கிய கடையிலேயே முடி மாத்திரையும் இருந்தது. முழங்கால்வரை முடி தொங்கும் ஒரு பெண்ணின் படம் போட்ட பிளாஸ்டிக் புட்டி. பயோட்டின், பத்தாயிரம் என்று பெரிதாக எழுதியிருந்தது. இது மருந்து இல்லை, வெறும் வைட்டமின், பச்சைப் பிள்ளைகூடச் சாப்பிடலாம் என்றாள் கடைக்காரி. தினம் இரண்டு போடச் சொன்னாள். செவெரினா நாலு போட்டாள். புட்டி வீட்டில் இருந்தால் ஃபெர்மின் கண்ணில் படும் என்று, பசிலியா முதுகில் கட்டித் தூக்கும் குஞ்சல மூட்டைக்குள் அது குடியேறியது. காலையில் பின்னும்போது மாத்திரையும் கைமாறும்.

முடி கொட்டுவதோடு அது நிற்கவில்லை என்பதை அக்காவும் தங்கையும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளும் வழியும் இல்லை. குளிருகிறது என்றாள் செவெரினா. இந்த ஊரில் யாருக்குத்தான் குளிரவில்லை? அலுப்பாக இருக்கிறது என்றாள். காலை நாலரைக்கு எழுந்து இரவு எட்டுவரை கதவில் தொங்குகிறவளுக்கு அலுக்காதா? முகமும் காலும் உப்பின. அதைக் கண்டு குழுவிலிருந்த பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். பூரித்த உடம்பில்தான் அடுக்குப் பாவாடை எடுப்பாக நிற்கும், ஃபெர்மின் நன்றாகச் சோறு போடுகிறான் போலிருக்கிறது என்று கேலி பேசினார்கள். வியாதியை வசதி என்று எடுத்துக்கொண்ட கூத்து அது. அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பே முன்னைவிட மெதுவாக வந்தது.

குரல் போனபோதுதான் ஃபெர்மின் பயந்தான். கார்னிவல் முடிந்த வாரம், சேஹா நிறுத்தத்தில் அவள் வாயைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கட்டையாக வந்தது. பெயர்களை நீட்டி நீட்டி இழுத்தாள். 'பெரெஸ்' என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தைராய்டாக இருக்கலாம், ரத்தம் கொடுத்துச் சீட்டை வாங்கி நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். அவள் சொன்னது சரி.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்றார்கள். செவெரினா ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. முடி மாத்திரை நாலையும் மட்டும் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போனாள். அது சாப்பாடு இல்லையே.

சேஹா நிறுத்தத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் உட்காரும் டாக்டர் விஸ்கர்ராவிடம் மூன்று பேரும் போனார்கள். அவர் சீட்டை விரித்து வைத்தார். செவெரினா மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பசிலியாவுக்கு எழுத்துத் தெரியும் என்பதால் அவள்தான் எட்டிப் பார்த்தாள். டிஎஸ்எச் என்ற இடத்தில் 0.08, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. டி4 என்ற இடத்தில் 3.6, அதற்கு மேல்நோக்கி அம்பு.

டாக்டர் கெட்டவர் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தும் பொறுமையாகத்தான் விளக்கினார். கழுத்தில் உள்ள சுரப்பி உடம்பின் அடுப்பு. டி4 என்பது அந்த அடுப்பின் சூடு. டிஎஸ்எச் என்பது மண்டைக்குள்ளிருந்து அடுப்புக்கு வரும் கட்டளை. அடுப்பு அணையப் பார்த்தால், எரி எரி என்று கட்டளை ஏறிக்கொண்டே போகும். அடுப்பு தாறுமாறாக எரிந்தால் கட்டளை அடங்கிவிடும். செவெரினாவுக்குக் கட்டளை அடங்கிக் கிடக்கிறது, சூடு ஏறிக் கிடக்கிறது. ஆகவே அடுப்பைத் தணிக்க வேண்டும்.

பசிலியாவுக்கு அது இடித்தது. "அப்படின்னா அவளுக்கு வேர்க்கணும்ல டாக்டர்? இவ குளிருதுன்னு அடுப்படிய விட்டே நகர மாட்டேங்கிறா. உடம்பும் ஊதிக்கிட்டே போகுது."

"நாலாயிரம் மீட்டர் உசரத்துல உக்காந்துக்கிட்டு குளிருதுன்னா நான் என்னம்மா பண்றது? எனக்கும்தான் குளிருது" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், செவெரினாவும்தான். சரியான கேள்வி அந்தச் சிரிப்போடு போயிற்று.

வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டதும் உண்மை. சால்வைக்கு அடியில் செவெரினாவின் கை வந்து தங்கையின் மணிக்கட்டைப் பற்றியது. அந்தப் பக்கம் ஃபெர்மின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பசிலியா வரிசையாகச் சொன்னாள்: கோகா இலை டீ, இருமலுக்கு யூகலிப்டஸ் ஆவி, முட்டிக்கு ஒரு தைலம்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது மருந்து இல்லை, வைட்டமின் என்று கடைக்காரிதான் சொல்லிவிட்டாளே.

சுரப்பியைத் தணிக்கும் மாத்திரை ஆரம்பமானது. அந்த ஊரில் ஏப்ரல் தாண்டினால் வரும் பனிக்காலமும் கூடவே ஆரம்பமானது. செவெரினா கதவை விட்டுப் பின் சீட்டுக்குப் போனாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் சாய்ந்திருப்பாள். ஃபெர்மினே ஓட்டிக்கொண்டு ஃபெர்மினே கூவினான். அவன் குரலுக்கு யாரும் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வரவில்லை. கண் புருவத்தின் வால்பகுதி உதிர்ந்துபோனது, பசிலியா அதை மையால் வரைந்துவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா தூங்கிப்போவாள். எழுப்பினால், கேட்ட கேள்விக்குப் பதில் அரை நாழிகை கழித்து வரும்.

மே மாதம் இரண்டாவது ரத்தம். அன்றைக்கும் முடி மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் போனாள், இப்போது நாலு ஆறாகியிருந்தது. அதே கீழ் அம்பு, அதே மேல் அம்பு. மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். எரியாத அடுப்பில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றியாயிற்று. அறையில் ஒரு மனுஷி குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவளை யாரும் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்கள்.

அதே வாரம் ஒத்திகை. போக வேண்டாம் என்று பசிலியா மன்றாடினாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சடைவரை வரும் என்றாள் செவெரினா. சொந்த முடியில் மிச்சம் இருந்ததை எல்லாம் வேரோடு இறுக்கி, அதற்குள் சவுரியைப் பிணைத்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குப் பசிலியா பின்னிவிட்டாள். கிரெகோரியா அந்த வருஷம் யாருக்கும் சலுகை இல்லை என்று சொல்லிச் செவெரினாவின் சடையையும் பிடித்து ஒரு வெட்டு இழுத்தாள். "இரும்பு" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. செவெரினா நாலு அடி ஆடினாள். ஐந்தாவது அடியில் மூச்சு வாங்கி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பசிலியா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். அந்த முடி மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது, மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். செவெரினா சுவரிலிருந்த கார்மென் மாதா படத்தை இறக்கி அவள் கையில் வைத்தாள்.

"சத்தியம் பண்ணு. ஃபெர்மின்கிட்ட, டாக்டர்கிட்ட, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு. நான் செத்தாலும் சொல்லக்கூடாது."

"அக்கா, எதுக்கு இப்ப சாவு பேச்சு?"

"எனக்குக் குரல் போச்சுடி. வேல போச்சு. இந்த ஊர்ல எனக்குன்னு மிச்சம் இருக்கறது சடை ஒண்ணுதான். அதையும் பிடுங்காத."

பசிலியா சத்தியம் செய்தாள். பிரியம் இருக்கிற இடத்தில் இப்படித்தான், கத்தியைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

ஜூலை பிறந்த இரண்டாம் நாள் காலை செவெரினா எழுந்திருக்கவில்லை. ஃபெர்மின் தோளைப் பிடித்து உலுக்கியதற்கு ஏதோ முனகினாள். உடம்பு சில்லென்று இருந்தது. நாக்கு தடித்து உதட்டுக்கு வெளியே தெரிந்தது. ஃபெர்மின் அவளைத் தூக்கி மினிபஸ்ஸின் பின் சீட்டில் போட்டான். ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியில் கை காட்டி நின்றவர்கள் திட்டினார்கள். குஞ்சல மூட்டையை முதுகில் கட்டியபடியே பசிலியா அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள். செய்தி கேட்டுக் கிரெகோரியாவும் குழுவில் இன்னும் இரண்டு பெண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

டாக்டர் லிமாச்சி முப்பது வயதுப் பெண். அவளுடைய அம்மாவும் அடுக்குப் பாவாடைக்காரிதான். அவள் முதலில் சீட்டைக் கேட்கவில்லை. கையைத் தொட்டாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்தாள். வரைந்த புருவம் பஞ்சோடு வந்துவிட்டது. அவள் பசிலியாவை ஒரு பார்வை பார்த்தாள். சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேல் தட்டினாள். பாதம் அசைந்து, பிறகு திரும்பி வர மறந்ததுபோல் நின்று, மெல்ல மெல்லக் கீழே வந்தது. நர்ஸ் தலையணையைச் சரி செய்ய வந்தபோது பசிலியா முந்திக்கொண்டு, தானே கொண்டை ஊசிகளை எடுத்துச் சடையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் சீட்டுகள். டாக்டர் லிமாச்சி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தாழ்வாரத்துக்கு வந்து எல்லாரையும் கூட்டி நிற்க வைத்துப் பேசினாள். அப்போது மணி பத்து.

"இந்தச் சீட்டு ரெண்டும் அடுப்பு பத்தி எரியுதுன்னு சொல்லுது. உள்ள படுத்திருக்கற உடம்பு அணைஞ்சே போச்சுன்னு சொல்லுது. உடம்ப நம்பி நான் மருந்த ஏத்தி, சீட்டு நெசமா இருந்தா இதயம் தாங்காது. சீட்ட நம்பிச் சும்மா இருந்து, உடம்பு நெசமா இருந்தா இன்னைக்கோ நாளைக்கோ போயிடுவாங்க. புது ரத்தத்த லா பாஸுக்கு, வேற மெஷினுக்கு அனுப்பறேன். வர நாளைக்கு ஆகும். அதுவரைக்கும் எனக்கு நீங்கதான் சொல்லணும். இவங்க என்னென்ன முழுங்கறாங்க? எதுவானாலும் சரி. பொடி, கஷாயம், வைட்டமின், எதுவானாலும்."

வைட்டமின் என்ற சொல் பசிலியாவின் காதில் விழுந்தது. எதிரே ஃபெர்மின். பக்கத்தில் கிரெகோரியா. சடையை இழுத்துப் பார்த்து 'இரும்பு' என்று சொன்ன கை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது. பசிலியா மறுபடி அதே வரிசையைச் சொன்னாள். கோகா இலை டீ. யூகலிப்டஸ். தைலம்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூட்டை முதுகை அழுத்தியது, கழற்றி வைக்கவில்லை. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தாள். சத்தியம் செய்தபோது கையிலிருந்த மாதா படமும் அக்காவின் முகமும் ஒன்றாக வந்து அவளைத் திரும்ப உட்கார வைத்தன. அக்கா பிழைத்து எழுந்தால் இந்த முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தாளே தவிர, பிழைக்காமலே போய்விடலாம் என்று யோசிக்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. யாரோ கொண்டு வந்த ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை.

ஒரு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது, மூச்சுக்குக் குழாய் வைக்கப் போகிறோம் என்றாள். ஃபெர்மின் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

பசிலியா முடிச்சை அவிழ்த்து மூட்டையைத் தரையில் விரித்தாள். குஞ்சலங்கள் நாலா பக்கமும் உருண்டன. கையை விட்டுத் துழாவிப் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வாசலில் டாக்டர் லிமாச்சி தடுத்தாள். புட்டியை வாங்கி எழுத்தைப் படித்தவள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தன?"

"நாலு. இப்ப ஆறு. ரத்தம் குடுக்கப் போன அன்னைக்கும் போட்டுக்கிட்டா டாக்டரம்மா. சாப்பாடு இல்லையேன்னு."

"எத்தன நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

டாக்டர் அவசரத்திலும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இந்த மாத்திரை விஷம் இல்லை. ஆனால் இவ்வளவு போட்டால் ரத்தத்தில் தங்கி, ரத்தத்தைப் படிக்கிற சில மெஷின்களை ஏமாற்றிவிடும். இருப்பதை இல்லை என்று காட்டும், இல்லாததை இருக்கு என்று காட்டும். அம்புகள் இரண்டும் தலைகீழ். மூன்று மாதமாக அக்கா சாப்பிட்டது அணைந்துகொண்டிருந்த அடுப்பை அணைக்கிற மருந்து. சொல்லிவிட்டு, ஊசியைத் தயார் செய் என்று உள்ளே கத்திக்கொண்டே போனாள்.

பசிலியா திரும்பினாள். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

"எதுக்கு அந்த மாத்திர?" என்றான் ஃபெர்மின்.

"முடிக்கு, அத்தான். அவளுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அந்தச் சடை…"

"சடை சவுரின்னு எனக்குத் தெரியும்."

பசிலியாவுக்குக் காது அடைத்துப்போனது.

"இருபத்தி நாலு வருஷமா ஒரே போர்வையில படுக்கறோம் புள்ள. எனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சதா காட்டிக்கிட்டா அவ மனசு ஒடிஞ்சிடும்னு இருந்துட்டேன். மாத்திரதான் தெரியாது."

யாரிடமிருந்து மறைக்கச் செவெரினா மணிக்கட்டைப் பிடித்தாளோ, யார் இருக்கிறான் என்று பசிலியா வாயைப் பூட்டினாளோ, அவன் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று டாக்டர் அறையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் ஒருவர் மனசை ஒருவர் நோகவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்ட லட்சணம் அது. கிரெகோரியா குனிந்து, தரையில் கிடந்த குஞ்சலங்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் லா பாஸிலிருந்து சீட்டு வந்தது. டிஎஸ்எச் 96, மேல்நோக்கி அம்பு. டி4 இருக்கிற இடமே தெரியவில்லை. இந்தத் தடவைதான் தாளும் உடம்பும் ஒரே பேச்சைப் பேசின. அன்று சாயங்காலம் செவெரினா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தங்கையைப் பார்த்து, கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். சடை இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு இதயம் நின்றுவிட்டது. அவளுக்கு வயது நாற்பத்து ஆறு.

அந்த மூன்று மணி நேரத்தால் ஒன்றும் ஆகியிருக்காது, மூன்று மாதம்தான் கொன்றது என்று டாக்டர் லிமாச்சி பசிலியாவின் தோளைப் பிடித்துச் சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம், இரக்கமாகவும் இருக்கலாம். பசிலியா இரக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். பெட்டியில் வைக்கும் முன் அக்காவுக்குக் கடைசியாகப் பின்னிவிட்டாள், சவுரியோடுதான், ஆனால் தளர்வாக. இனிமேல் இழுத்துப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

எட்டாம் நாள், ஊர் வழக்கப்படி, செத்தவளின் துணிகளை ஓடும் தண்ணீரில் அலச மில்லுனி பக்கத்து ஓடைக்குப் போனார்கள். தண்ணீர் விரலைக் கடித்தது. செவெரினாவின் பாவாடைகள் ஒவ்வொன்றும் ஈரத்தில் ஒரு ஆள் கனம் கனத்தன. குழுப் பெண்கள் எட்டுப் பேர் குனிந்து அலசிக்கொண்டிருக்க, ஃபெர்மின் தள்ளி நின்று, எரிக்க வேண்டிய துணிகளுக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்குத் திருவிழாவுக்கு நாலு நாள்தான் பாக்கி. ஆட்டத்தைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

கிரெகோரியா பாறை ஓரமாக வந்து பசிலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சால்வையை லேசாக விலக்கினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் புட்டி இருந்தது. முழங்கால்வரை முடி தொங்கும் அதே பெண்ணின் படம்.

"எனக்கும் போன மாசம் ரத்தம் எடுத்தாங்க" என்றாள் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு திரும்பச் சொல்லு. மெதுவா சொல்லு."

பசிலியா அவளையே பார்த்தாள். பதினேழு வருஷமாக ஊர்ச் சடைகளை எல்லாம் இழுத்துப் பார்த்த கை அது. அடித்துவிடலாம் போல் இருந்தது. அழுகையும் வந்தது. செத்தாலும் சொல்லக்கூடாது என்று அக்கா கேட்ட வார்த்தையும் ஞாபகம் வந்தது. கையிலிருந்த பாவாடையை அவள் பாறைமேல் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். என் அக்காவின் சடை சவுரி, வாங்கிக் கொடுத்தவள் நான், இந்த மாத்திரையையும் வாங்கிக் கொடுத்தவள் நான், டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னவளும் நான் என்றாள். முடி மாத்திரை சாப்பிடுகிறவள் ரத்தம் கொடுக்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டாக்டர் சொல்கிற அத்தனை நாளுக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும், தாள் ஒன்று சொல்லி உடம்பு வேறு சொன்னால் இன்னொரு மெஷினில் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், சிரித்தாலும் விடாமல் கேட்க வேண்டும் என்றாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. தள்ளி நின்ற ஃபெர்மின் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அலசிக்கொண்டிருந்த கைகள் தண்ணீருக்குள்ளேயே நின்றன. கடைசியில், ஓடையின் அந்தக் கரையில் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு சின்னப்பெண், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எத்தன நாளுக்கு முன்னாடி நிறுத்தணும்னு சொன்னீங்க அக்கா?"

பசிலியா ஈரக் கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து திரும்பச் சொன்னாள்.